240 நிமிடங்களும் இரண்டு தலைமுறைகளும்

கூடைப்பந்து ஆட்டம் முடிந்து புள்ளிப்பட்டியல் வந்தவுடன் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. பெயருக்குப் பக்கத்தில், யார் எத்தனை நிமிடம் களத்தில் நின்றார் என்று ஒரு வரிசை இருக்கும்; அதைத்தான் மேலிருந்து கீழாகப் படிப்பேன். கல்லூரி அணியில் முதல் இரண்டு ஆண்டுகள் பெஞ்சின் கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த பழக்கம் இது. எங்கள் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 200 நிமிடங்கள். அந்த இருநூறில் எனக்கு எத்தனை விழும் என்று கணக்குப் போட்டபடியே தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் காத்திருப்பேன். இருபது புள்ளி முன்னால் இருந்தால் கடைசி மூன்று நிமிடம் கிடைக்கும். இல்லையென்றால் அதுவும் கிடைக்காது.

அதே அணியில்தான், முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்திருந்த இறுதியாண்டு அக்கா ஒருவர், பயிற்சி முடிந்து மற்றவர்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்னை மட்டும் நிறுத்தித் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்தார். "பந்தப் பாக்காத, அவ இடுப்பப் பாரு. பந்து ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது" என்று சொல்லி, என் தோள்கள் இரண்டையும் பிடித்து அரையடி இடப்பக்கம் நகர்த்தி நிறுத்துவார். அவர் களத்தில் இருந்ததால் எனக்கு நிமிடங்கள் கிடைக்கவில்லை. அவர் அணியில் இருந்ததால்தான் நான் ஆடக் கற்றுக்கொண்டேன். ஓர் அணி மூத்த வீரர்களைச் சேர்ப்பதா, வருங்காலத்தை வளர்ப்பதா என்று பேச்சு எழும்போதெல்லாம் இவை இரண்டும் சேர்ந்தே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆட்டம் 48 நிமிடம். ஐந்தால் பெருக்கினால் 240. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியைப் பற்றிக் கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக நடக்கும் விவாதங்களில் பணமும் டிராஃப்ட் தேர்வுகளும் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் உரிமைகள்) நட்சத்திரங்களின் வயதும் அடிபடுகின்றன. இந்த 240 என்ற எண் மட்டும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஊதிய வரம்பை ஆடம்பர வரி கட்டித் தாண்டலாம், டிராஃப்ட் தேர்வுகளைப் பரிமாற்றத்தில் வாங்கிக் குவிக்கலாம், ஆனால் 240ஐத் தாண்ட எந்த உரிமையாளராலும் முடியாது. வாரியர்ஸின் திட்டம் முறிந்தது அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கதை 2019 ஜூனில் தொடங்குகிறது. டொராண்டோவுக்கு எதிரான, ஏழு ஆட்டத் தொடரான இறுதிப் போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில் கெவின் டுராண்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறாம் ஆட்டத்தில் கிளே தாம்சனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. கோடையில் டுராண்ட் புரூக்ளினுக்குப் போனார், ஊதியக் கணக்கைச் சரிக்கட்ட ஆன்ட்ரே இக்வடாலா மெம்ஃபிஸுக்கு அனுப்பப்பட்டார். புதிய சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே அணியின் முதன்மை நட்சத்திரம் ஸ்டெஃபன் கர்ரியின் இடக்கை எலும்பு முறிந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இறுதிப் போட்டிக்குப் போன அணி, பெருந்தொற்றால் பாதியில் நின்ற அந்த சீசனை 15 வெற்றி, 50 தோல்வி என்று முடித்தது. லீக்கிலேயே மோசமான கணக்கு அதுதான்.

ஆனால் அந்த 15–50 சீசனில் நிமிடங்கள் ஏராளமாக இருந்தன. 2019 டிராஃப்டில் 28ஆவதாக எடுக்கப்பட்ட ஜோர்டன் பூல் அவற்றில் நிறைய ஆடினார், வீசிய மூன்று பந்துகளில் இரண்டைத் தவறவிட்டார், மறுநாளும் ஆடினார். வேறெந்த ஆண்டாக இருந்தாலும் 33 சதவீதத்தில் வீசும் ஓர் இளைஞனைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் களத்தில் விட்டுவைத்திருக்க மாட்டார். 2021 பிப்ரவரியில் அவரை, என்.பி.ஏ.வுக்கு அடுத்த நிலையிலுள்ள ஜி லீக்கின் ஆர்லாண்டோ முகாமுக்கு அனுப்பினார்கள்; அங்கேயும் நிமிடங்கள்தான் கிடைத்தன; திரும்பி வந்தவர் வேறு ஆட்டக்காரராக இருந்தார். அடுத்த ஆண்டு டென்வருக்கு எதிராகத் தன் முதல் பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்று) ஆட்டத்திலேயே 30 புள்ளிகள் எடுத்தார். வாரியர்ஸ் அண்மைக் காலத்தில் வளர்த்த வீரர்களில் அதிகம் உயர்ந்தவர், அணி படுமோசமாகத் தோற்ற ஆண்டில் வளர்ந்தவர்.

அந்தத் தோல்வியின் பலனாக 2020 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு கிடைத்தது. மினசோட்டாவுடன் செய்த பரிமாற்றத்தில் ஆண்ட்ரூ விக்கின்ஸும் கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. அது 2021இல் ஏழாவது இடத்தில் விழுந்தது. தங்கள் சொந்தத் தேர்வு பதினான்காவது. இப்படி ஜேம்ஸ் வைஸ்மன், ஜொனாத்தன் குமிங்கா, மோசஸ் மூடி மூவரும் வந்து சேர்ந்தார்கள். வைஸ்மனைத் தேர்ந்தெடுத்த 2020 நவம்பர் 18 அன்றே தாம்சனின் குதிகால் தசைநாணும் அறுந்தது. ஒரே நாளில் ஒரு தலைமுறை உள்ளே வந்தது, இன்னொரு தலைமுறை மேலும் ஓர் ஆண்டு வெளியே போனது. கர்ரிக்கு அப்போது 32 வயது. இந்தத் தேர்வுகளை எல்லாம் கட்டிக் கொடுத்து ஒரு முழு நட்சத்திரத்தை வாங்கிவிட வேண்டும், கர்ரியின் மிச்ச ஆண்டுகள் வீணாகக் கூடாது என்று ரசிகர்களில் ஒரு பாதி கேட்டது. உரிமையாளர் ஜோ லேக்கப் தலைமையிலான நிர்வாகம் இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும் என்று நம்பியது: இன்று கோப்பை, நாளை வாரிசுகள். பத்திரிகைகள் இதை "இரண்டு காலவரிசை" என்று அழைத்தன.

அந்த நம்பிக்கையை நான் இகழ மாட்டேன். சான் ஆன்டோனியோவில் டேவிட் ராபின்சன் இருக்கும்போதே 1997இல் டிம் டங்கன் வந்தார், இருவரும் சேர்ந்து கோப்பை வென்றார்கள், பிறகு அணி டங்கன் கைக்குப் போனது. அப்படி ஒரு கைமாற்றம் நடந்த வரலாறு உண்டு. ஆனால் டங்கன் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்துவிட்டு, முதல் நாளிலேயே 240இல் தன் பங்கைக் கேட்டு வாங்கும் தகுதியோடு வந்தவர். வைஸ்மன் கல்லூரியில் ஆடியது மூன்றே ஆட்டங்கள். குமிங்கா எடுக்கப்பட்டபோது அவருக்கு 18 வயது.

2021 கோடையில் நிர்வாகம் செய்த இன்னொரு காரியம் அப்போது யாருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. காயங்களால் விலை போகாமல் இருந்த ஆட்டோ போர்ட்டர், உயரமான பந்து விநியோகி நெமன்யா பியெலிட்சா, 37 வயதில் வீடு திரும்பிய இக்வடாலா ஆகிய மூவரையும் குறைந்தபட்ச ஊதிய ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். இந்த ஒப்பந்தத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. குறைந்தபட்ச ஊதியம் அனுபவ ஆண்டுகளுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போவதால், அதே இடத்துக்கு மலிவான இளைஞனையே அணிகள் தேடிப் போகும். மூத்தவர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும். ஆகவே ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தால், இரண்டாண்டு அனுபவக்காரருக்குரிய தொகையை மட்டும் அணி கொடுத்தால் போதும், மீதியை லீக் ஏற்றுக்கொள்ளும் என்று விதி வைத்திருக்கிறார்கள். போர்ட்டருக்கும் இக்வடாலாவுக்கும் வாரியர்ஸ் செலவழித்தது ஒரு புதுமுகத்தின் விலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கேரி பேட்டனின் கதை இன்னும் அழுத்தமானது. அணி அணியாக அலைந்தவர், ஆறடி மூன்றங்குல உயரம், வெளியிலிருந்து வீச்சு சுமார், ஆனால் யாரையும் தடுப்பார். சீசன் தொடங்கும் முன் வாரியர்ஸ் அவரைக் கழித்துவிட்டது. ஆட்டக்காரராக இடம் கிடைக்காவிட்டால் காணொளித் தொகுப்பாளர் வேலையாவது கிடைக்குமா என்று அவர் விசாரித்ததாகப் பின்னால் செய்தி வந்தது. பதினைந்தாவது, அதாவது கடைசி இடத்துக்கு அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

2022 ஜூன் 17, வெள்ளிக்கிழமை. பாஸ்டனில் இரவு ஒன்பது மணி, நமக்குக் காலை ஆறரை. அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாக முந்தின நாளே சொல்லிவிட்டு, சமையலறை மேடையில் கணினியை வைத்துக்கொண்டு ஆறாம் ஆட்டத்தைப் பார்த்தேன். 103–90. கர்ரி 34 புள்ளிகள். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அவர் அழுதபோது நானும் அழுதேன். பிறகு, வழக்கம்போல, நிமிடங்களின் வரிசை. அந்த ஆட்டத்தில் தொடக்க ஐவரில் ஒருவராக நின்றவர் போர்ட்டர்; நான்காம் ஆட்டத்திலிருந்தே கெர் அவரை கெவான் லூனியின் இடத்தில் இறக்கியிருந்தார். முந்தின ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 15 புள்ளிகள் எடுத்தவர், மெம்ஃபிஸ் தொடரில் முழங்கை உடைந்து திரும்பிய பேட்டன். 28ஆவது தேர்வான பூலும் 30ஆவது தேர்வான லூனியும் தங்கள் பங்கைச் செய்தார்கள். இரண்டாம், ஏழாம், பதினான்காம் தேர்வுகள் மூன்றும் கொண்டாடின, ஆனால் கோப்பையை வென்று தந்த நிமிடங்களில் அவர்களின் பங்கு மிகச் சிறிது. வைஸ்மன் அந்த சீசன் முழுதும் காயத்தால் ஒரு நிமிடமும் ஆடவில்லை.

எதிரே நின்ற பாஸ்டன் அணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் இதே கேள்வியின் இன்னொரு விடை. 2013இல் புரூக்ளின் அணி 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்கியது. விலையாக 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளை, எந்த இடத்தில் விழுந்தாலும் பாஸ்டனுக்கே என்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கொடுத்தது, 2017இல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. புரூக்ளினுக்குக் கிடைத்தது 2014இன் இரண்டாம் சுற்றில் மயாமியிடம் 4–1 தோல்வி. பாஸ்டனுக்குக் கிடைத்தவர்கள் 2016இல் ஜேலன் பிரவுன், 2017இல் ஜேசன் டேட்டம். மூத்த வீரர்களுக்கு ஓர் அணி கொடுத்த விலைதான் ஒன்பது ஆண்டுகள் கழித்து வாரியர்ஸுக்கு எதிரே இறுதிப் போட்டியில் நின்றது. ஆனால் அந்த இளைஞர்களோடு 36 வயது அல் ஹார்ஃபர்ட் இருந்தார். முதல் ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் பாஸ்டன் 40–16 என்று வாரியர்ஸைச் சுருட்டியபோது, ஆறு மூன்று-புள்ளி வீச்சுகளோடு 26 புள்ளிகள் எடுத்து அணியை முன்னே கொண்டுபோனவர் அவர்தான். 141 பிளேஆஃப் ஆட்டங்கள் ஆடிய பிறகு அதுதான் அவருடைய முதல் இறுதிப் போட்டி. புரூக்ளின் மூத்தவர்களிடம் முழு அணியையும் ஒப்படைத்தது. பாஸ்டன் மூத்தவர் ஒருவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. மூத்தவர் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோப்பைக்குப் பிந்தைய கோடையில் வாரியர்ஸ் எடுத்த முடிவுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. போர்ட்டர் டொராண்டோவுக்கும், பேட்டன் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் போர்ட்லண்டுக்கும், பியெலிட்சா துருக்கிக்கும் போனார்கள். 2021–22 சீசனுக்கு மட்டும் சுமார் 17 கோடி டாலர் ஆடம்பர வரி கட்டிய அணி இன்னும் கட்டத் தயங்கியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காரணம் பணம் மட்டும் அல்ல. அவர்கள் விட்டுப்போன நிமிடங்களில் வைஸ்மன், குமிங்கா, மூடி மூவரும் வளர்வார்கள் என்ற திட்டமும் இருந்தது. காகிதத்தில் அது முழுக்க நியாயமாகத்தான் இருந்தது.

களத்தில் நடந்தது வேறு. கெர் 2014இலிருந்து கட்டிவைத்த ஆட்டமுறை முன்கூட்டி எழுதப்பட்ட நகர்வுகளால் ஆனதல்ல. பந்தைக் கொடுத்துவிட்டு, தடுப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, கூடையை நோக்கி வெட்டி ஓடுவதா, கர்ரியைத் தடுப்பவரை மறித்து நின்று திரை போடுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். ஐவரும் ஒரே முடிவுக்கு ஒரே நேரத்தில் வர வேண்டும். இக்வடாலா அதைத் தூக்கத்திலும் செய்வார். லூனி ஏழு ஆண்டுகளில் கற்றார். இருபது வயதில், ஓடவும் தாவவும் மட்டுமே தெரிந்த உடலோடு வருபவனுக்கு அது புரியாத மொழியில் நடக்கும் உரையாடல் போன்றது. அந்த மொழியைப் பேசித்தான் கற்க முடியும், பேசும்போது தவறும், தவறும் ஒவ்வொரு முறையும் கர்ரியின் ஓர் ஆட்டம் போகும். 2022–23இல் சொந்தத் திடலில் 33–8 என்று ஆடிய அணி வெளியூரில் 11–30 என்று ஆடியது. இரண்டாவது குழு களமிறங்கினால் முன்னிலை கரையும். கெர் பொறுமை இழந்து மீண்டும் மூத்தவர்களிடம் திரும்புவார். நவம்பரில் வைஸ்மனைச் சாண்டா குரூஸ் ஜி லீக் அணிக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் நான்கு அணிப் பரிமாற்றத்தில் அவர் டெட்ராய்ட்டுக்குப் போனார். பதிலாக வந்தவர் யார் என்று பார்த்தால், ஏழு மாதம் முன்பு விட்டுவிட்ட பேட்டன், அதுவும் அடிவயிற்றுத் தசைக் காயத்தோடு.

சீசன் தொடங்கும் முன் பயிற்சியில் மூத்த வீரர் டிரேமாண்ட் கிரீன் பூலைக் குத்திய சம்பவத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. காணொளி கசிந்ததால் உலகமே பார்த்தது. நான் சொல்ல விரும்புவது ஒன்றே: இளையவர் ஒருவரின் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்த வேண்டிய கை அது. அடுத்த கோடையில் பூல் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு 38 வயது கிறிஸ் பால் வந்தார். மிக மோசமான ஆண்டில் நட்டு வளர்த்த ஒரே செடியை வேரோடு கொடுத்துவிட்டு அனுபவத்தை வாங்கினார்கள். கோப்பைகளைக் கட்டிய பொது மேலாளர் பாப் மையர்ஸ் அதே கோடையில் விலகினார். பொறுப்பு மைக் டன்லீவிக்கு வந்தது.

2024 ஜனவரி 5 காலை டென்வருக்கு எதிரான ஆட்டத்தையும் நான் நேரலையில் பார்த்தேன். குமிங்கா 19 நிமிடங்களில் 16 புள்ளிகள் எடுத்து நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாம் கால்பகுதியின் நடுவில் கெர் அவரை வெளியே எடுத்தார். நான்காம் கால்பகுதி முழுவதும் அவர் திரும்பவில்லை. ஏழு நிமிடத்துக்குள் 18 புள்ளி முன்னிலை கரைந்தது. கடைசி நொடியில் டென்வரின் நிகோலா யோகிச் களத்தின் நடுக்கோட்டுக்குச் சற்று உள்ளேயிருந்து வீசிய பந்து பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. 130–127. எல்லோரும் யோகிச்சின் வீச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது பெஞ்சில் துண்டைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்த 21 வயது முகத்தை. பயிற்சியாளர் மீது குமிங்கா நம்பிக்கை இழந்துவிட்டார் என்ற செய்தி மறுநாள் வந்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. கடைசி மூன்று நிமிடத்துக்காகக் காத்திருந்த எவருக்கும் அது செய்தி அல்ல.

கெரைக் குற்றவாளி ஆக்குவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். ஒவ்வோர் இரவும் ஆட்டத்தை வெல்ல வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நான்கு ஆண்டுகள் கழித்து அணி எப்படி இருக்க வேண்டும் என்பது மேலே இருப்பவர்களின் வேலை. இந்த இரண்டு கடமைகளையும் நிர்வாகம் ஒருநாளும் ஒரே மேசையில் வைத்து, 240இல் இத்தனை நிமிடம் இவர்களுக்கு, அதனால் நாம் இத்தனை ஆட்டம் தோற்கலாம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. தேர்வு செய்தவர்கள் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். களமிறக்கியவர் நிகழ்காலத்தை இறக்கினார். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் இருபது வயதுப் பையன்கள்.

இதற்குச் சான்றாக வாரியர்ஸே அறியாமல் ஒரு சோதனை நடத்தியது. 2023 டிராஃப்டில் 19ஆவதாக பிராண்டின் பட்சீம்ஸ்கியையும், கிட்டத்தட்ட பட்டியலின் முடிவில் 57ஆவதாக டிரேஸ் ஜாக்சன்-டேவிஸையும் எடுத்தார்கள். முதலாமவர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள், இரண்டாமவர் நான்கு ஆண்டுகள் ஆடியவர்கள். தாவும் உயரத்தில் குமிங்காவின் பக்கத்தில் இருவரும் நிற்க முடியாது. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது பந்தை விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது; கெரிடமிருந்து முதல் ஆண்டிலேயே நிமிடங்கள் கிடைத்தன; பட்சீம்ஸ்கி அந்த ஆண்டின் சிறந்த புதுமுகங்களின் முதல் அணியில் இடம் பிடித்தார். கெருக்கு இளைஞர்களைப் பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். வெல்லும் கட்டாயத்தில் இருக்கும் அணி, களத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய இளைஞனை எடுத்தால் அவனுக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல.

ஒக்லஹோமா சிட்டி இதே காலத்தில் கணக்கை எதிர்த்திசையில் போட்டது. 2019இல் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கினார்கள். 2020–21, 2021–22 சீசன்களில் 22–50, 24–58 என்று தோற்றார்கள். அந்த நிமிடங்கள் எல்லாம் இளைஞர்களுக்கே போயின. வாங்கிய தேர்வுகளில் ஒன்று 2022இல் 12ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக வந்தது. அணி 57 ஆட்டங்கள் வென்று, இளைஞர்கள் ஏற்கெனவே தங்கள் இடத்தைப் பிடித்த பிறகுதான், 2024 கோடையில் மூத்தவர்களைத் தேடிப் போனார்கள்: ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தையிலிருந்து ஐசயா ஹார்ட்டன்ஸ்டைன், ஜாஷ் கிடியைக் கொடுத்து 30 வயது அலெக்ஸ் கருசோ. கருசோ டிராஃப்டில் எடுக்கப்படாதவர், தன் தொழில் வாழ்க்கையை ஒக்லஹோமாவின் ஜி லீக் அணியில்தான் தொடங்கியவர். டென்வருக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தில், தன்னைவிட அரையடி உயரமும் எத்தனையோ கிலோ எடையும் கூடுதலான யோகிச்சின் முன்னே போய் நின்று, இடுப்பைத் தாழ்த்தி, பந்து அவர் கைக்கு வரும் முன்பே தட்டித் தட்டிக் கெடுத்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அக்காவின் குரல்தான் கேட்டது. 68 வெற்றிகளோடு, 2025 ஜூனில் இந்தியானாவை ஏழு ஆட்டங்களில் வென்று கோப்பையை எடுத்தார்கள். எல்லா அணிகளுக்கும் அந்த வழி கிடையாது என்பதும் உண்மை. கர்ரி போன்ற ஒருவர் உடலோடும் திறனோடும் அணியில் இருக்கும்போது இரண்டு ஆண்டுகள் தோற்றுக் காத்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

2025 பிப்ரவரியில் வாரியர்ஸ் தங்கள் பக்கத்தை ஒருவழியாகத் தேர்ந்தெடுத்தது. விக்கின்ஸையும் வேறு சிலரையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து மயாமியிலிருந்து 35 வயது ஜிம்மி பட்லரை வாங்கினார்கள். 25–26 என்று தத்தளித்த அணி, அதன்பின் 23–8 என்று ஓடியது. ஹூஸ்டனை ஏழு ஆட்டங்களில் வென்றது. மினசோட்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கர்ரியின் இடத்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தை வென்றும், அடுத்த நான்கையும் அடுத்தடுத்துத் தோற்றார்கள். முப்பதைத் தாண்டிய மூவரின் உடல்கள் மீது சீசனை வைத்தால் இது நடக்கும் என்பது தெரிந்தே எடுத்த முடிவுதான். அதற்காக அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தத் தொடரில் நடந்த இன்னொன்று மனத்தை விட்டுப் போகவில்லை. பிளேஆஃப் தகுதிக்காக மெம்ஃபிஸுடன் ஆடிய ஆட்டத்தில் குமிங்காவை ஒரு நிமிடமும் இறக்கவில்லை. பெயருக்கு எதிரே பயிற்சியாளர் முடிவு என்று மட்டும் இருந்தது. கர்ரி விழுந்தபிறகு வேறு வழியின்றி அவரை இறக்கினார்கள். மூன்றாம் ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்தார். நான்கு ஆண்டுகள் பழகிய அந்த ஆட்டமுறையில் வந்த புள்ளிகள் அல்ல அவை. பந்தைக் கையில் வாங்கி, தோளை இறக்கி, கூடையை நோக்கி நேராகப் போனார். யாருடைய நிமிடங்களும் குறுக்கே இல்லாதபோது அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 2022இலேயே ஏதோ ஒரு நலிந்த அணிக்கு அவரைக் கொடுத்திருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார், அதற்கு ஈடாக வந்தவர் கர்ரிக்கு எத்தனை உதவியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2025 கோடை முழுவதும் குமிங்காவின் ஒப்பந்தம் இழுபறியாகவே இருந்தது. செப்டம்பர் கடைசி நாளில்தான் இரண்டாண்டுக்கு உடன்பாடானது, அதிலும் இரண்டாம் ஆண்டு அணி விரும்பினால் மட்டுமே. அது முடிந்த உடனேயே அல் ஹார்ஃபர்டின் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். 2022இல் எதிரே நின்று 26 புள்ளிகள் எடுத்த அதே ஹார்ஃபர்ட், அப்போது 39 வயது. கர்ரிக்கு 37, பட்லருக்கு 36, கிரீனுக்கு 35. மூவரின் ஒப்பந்தங்களும் 2027 கோடையில் ஒன்றாக முடிவதாக இருந்தன. காலவரிசை அப்போது ஒன்றே ஒன்றுதான், அதன் கடைசி நாளும் குறிக்கப்பட்டிருந்தது. நான் ஹார்ஃபர்டின் வரவை முழு மனத்தோடு வரவேற்றேன். எதிரணியின் உயரமானவர்களைக் கூடையிலிருந்து வெளியே இழுக்க மூன்று-புள்ளிக் கோட்டில் நிற்கத் தெரிந்த, கர்ரிக்குத் திரை போட்டுவிட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாத ஒருவர், போர்ட்டர் போன நாளிலிருந்து இந்த அணியில் இருந்ததில்லை. தொடர்ந்து இரண்டு இரவு ஆட்டங்கள் வந்தால் அவரை இரண்டிலும் இறக்க முடியாது என்பது தெரிந்ததே. அந்த இரவுகளின் இருபத்தைந்து சொச்சம் நிமிடங்கள் யாருக்குப் போகும் என்பதில்தான் என் ஆர்வம் இருந்தது.

2025 அக்டோபர் 21 இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் லேக்கர்ஸுடன் முதல் ஆட்டம். நமக்கு மறுநாள் காலை ஏழரை மணி. விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் மூடிக்கும் பட்சீம்ஸ்கிக்கும் குமிங்காவுக்கும் எதிரே இருக்கும் மூன்று எண்களைக் கூட்டிப் பார்க்கக் காத்திருந்தேன்.